பச்சை டர்போ கேட்ட பார்ட்டி

கார் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தவர்கள் முதலில் காரைக் காட்டுவார்கள். ஜெயலக்ஷ்மி அம்மாள் எங்களுக்கு விளம்பரத்தைத்தான் காட்டினார்.

மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு குறுக்குத்தெரு. தொண்ணூற்றேழு நவம்பர். காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கூடத்தில் நாலு நாற்காலிகள். ஒன்றில்தான் ஆள் உட்காருகிற அடையாளம் இருந்தது. மற்ற மூன்றிலும் பழைய செய்தித்தாள் அடுக்கியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்காக அந்த அம்மாள் பேப்பர் கட்டுகளைத் தூக்கிக் கீழே வைத்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த வீட்டுக்கு யாரும் வந்து வெகுநாளாகியிருந்தது.

எங்கள் இரண்டு பேர் என்றால் ஸ்ரீரங்கன் சாரும் நானும். சார் பதினெட்டு வருஷம் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். நசுங்கின வண்டியைப் பார்த்து, ஓட்டினவன் குணத்தைச் சொல்லிவிடுவார். அதை விட்டுவிட்டு ஆழ்வார்பேட்டையில் ஒரு தையல் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டு நாலு வருஷம். வீட்டில் அவரைத் தவிர யாரும் கிடையாது. அதனால் கேஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆபீஸ் ராத்திரிவரை திறந்தே இருக்கும். என் பெயர் அம்மாசி, ஊர் பட்டினப்பாக்கம். சாருக்கு உதவியாளன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த வாய் அன்றைக்குச் செய்த காரியத்தைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

"'வெளிநாட்டு டீசல் கார். ரிப்பேர் வேலை உள்ளது. நேரில் பார்க்கவும்.' கீழே விலாசம். இவ்வளவுதானே போட்டிருக்கு?" என்று அம்மாள் கேட்டார்.

"ஆமாம்," என்றார் சார்.

"வண்டி என்ன கலர்னு இருக்கா?"

"இல்லை."

"டர்போன்னு இருக்கா?"

"அதுவும் இல்லை."

"திங்கக்கிழமை காலம்பர தி.நகர்லேந்து தங்கவேல்னு ஒரு புரோக்கர் வந்தான். வாசல்ல நின்னுண்டே, 'பச்சை டர்போ இந்த ஆத்துலதானே?'ன்னான். அப்போ ஷெட் கதவு பூட்டியிருந்தது."

"புரோக்கருங்கோ 'ஆத்துல'ன்னு சொல்ல மாட்டாங்கோம்மா," என்றேன் நான்.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு வாயை மூடு என்று அர்த்தம்.

"அவனோட பார்ட்டிக்கு வண்டி இருக்கற மாதிரியே வேணுமாம். ரிப்பேரை அவாளே பாத்துப்பாளாம். பேரம் பேசவே இல்லை. நான் கேட்டதுக்கு மேலேயே தரேன்னான். ஒரே ஒரு கண்டிஷன்தான். இருபத்தொம்போது, முப்பது ஃபாரத்துல நான் கையெழுத்து மட்டும் போட்டுத் தரணும். வாங்கறவா பேர் எழுதக் கூடாது. இன்னிக்கு நாலு மணிக்குப் பார்ட்டியையே அழைச்சுண்டு வரானாம்."

கார் கை மாறும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகிற படிவங்கள் அவை. வாங்குபவர் பெயரை எழுதாமலே கையெழுத்து வாங்கிக்கொள்வது புரோக்கர்கள் வழக்கம். வண்டி நாலு கை மாறும், பேப்பரில் பழைய ஓனர் பெயரே ஓடிக்கொண்டிருக்கும்.

"அந்த வண்டி நாளைக்கு எவனையாவது தூக்கிச்சுன்னா, போலீஸ் உங்க வூட்டுக்குத்தாம்மா வரும்," என்றேன்.

"எனக்கு அந்தக் கவலை இல்லைப்பா. எனக்கு ஒரு பிள்ளை இருக்கான்." அம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். "நிரஞ்சன்னு பேர். ஒரு முஸ்லிம் பொண்ணைக் கல்யாணம் பண்ணிண்டான். தொண்ணூறுல. இவர், இந்த வாசப்படி மிதிக்காதேன்னுட்டார். நான் சமையல் உள்ளேயே நின்னுண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசலை. ஏழு வருஷமா அதை நினைச்சுண்டுதான் தூங்கப் போறேன். இவரும் போன வருஷம் ஐப்பசியில போயிட்டார். தை பொறந்தா வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டப் போறா. ஷெட் இருக்காது. அதான் வண்டியைக் குடுத்துடலாம்னு பாத்தேன்."

"வாங்க வருவது உங்கள் மகன் என்று நினைக்கிறீர்கள்," என்றார் சார்.

"பச்சை டர்போன்னு வேற யாருக்குத் தெரியும்? அவனா இருந்தா கையெழுத்தும் வேண்டாம், பணமும் வேண்டாம், உள்ளே வாடான்னு சொல்லணும். அவன் இல்லேன்னா, அதையும் நான் தெரிஞ்சுக்கணும். நாலு மணிக்குள்ள சொல்லுவேளா?"

சார் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

ஷெட்டைத் திறந்தோம். கரும்பச்சை ஜப்பான் கார், நீளமாக, ஷெட்டை அடைத்துக்கொண்டு நின்றது. டயர் நாலும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தன. ஆனால் மேலே ஒரு பொட்டுத் தூசி இல்லை. அம்மாள் தினமும் துடைக்கிறாராம்.

"மஸ்கட்ல வேலை பாத்துட்டு வரச்சே இவர் கொண்டு வந்தது. தொண்ணூத்தி நாலுல டர்போ போயிடுத்து. சிங்கப்பூர்லேந்து சாமான் வரணும்னு மெக்கானிக் இனாயத் பாய் சொன்னார். ஒரே ஒரு நாள் ஓட்டின ஆக்டிங் டிரைவர்தான் கெடுத்துட்டான்னு இவர் புலம்பிண்டே இருப்பார். அதுக்கப்புறம் எடுக்கவே இல்லை." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "கடைசி வருஷம் மட்டும், தினம் சாயங்காலம் வந்து இதுக்குள்ள உக்காண்டிருப்பார். ஓடாத வண்டியில என்ன பண்றார்னு கேட்டா, ஒண்ணுமில்லைம்பார்."

சார் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மிதியடியைத் தூக்கிப் பார்த்தார், டேஷ்போர்டு அறையைத் திறந்தார். ஆர்.சி. புத்தகம் வைத்த ரெக்ஸின் உறையை எடுத்து விரித்தார். அப்புறம் ரொம்ப நேரம் அசையவில்லை. முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மடித்த காகிதம் ஒன்றை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதைப் பார்த்தேன்.

"இன்னா சார் அது?"

"பழைய சர்வீஸ் பில்."

இறங்கி வந்தவர் அம்மாள் முகத்தைப் பார்க்காமலே விடைபெற்றார். பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

*

தங்கவேலின் கடை, பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு காலி மனை. தார்ப்பாய் மூடிய பத்துப் பன்னிரண்டு கார்கள், ஓலைக் கொட்டகை ஒன்று, அதற்குள் ஒரு மேஜை. தங்கவேல் மேஜைமேல் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்தும் காலை எடுக்கவில்லை. எதிரே காலி நாற்காலி கிடந்தது. உட்காரச் சொல்லவும் இல்லை. சார் ஓலை நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் நனைந்துகொண்டே பேசினார்.

"பச்சை டர்போவுக்குப் பார்ட்டி யாரு தங்கவேல்?"

"பேரச் சொன்னா எந்தொழிலு இன்னாத்துக்கு ஆவறது சார்?"

"ஆளு உள்ளூரா வெளியூரா?"

"கேட்டுக்கினே இரு நைனா. நான் கேட்டுக்கினே இருக்கேன். சொல்லத்தான் மாட்டேன்."

"ஒரு நாற்காலியாச்சும் குடுப்பியா?" என்றேன் நான்.

"அது காலு ஒடஞ்சது," என்றான். உடையவில்லை. நான் அதன் நாலு காலையும் எண்ணிப் பார்த்தேன்.

வெளியே வந்தோம். எதிர்ப்பக்கம் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, தாயம்மா என்று ஒரு அம்மா பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் துறையில் போலீஸ் ஸ்டேஷனைவிட பஜ்ஜிக் கடையில் தகவல் அதிகம். ஆளுக்கு இரண்டு வாங்கினோம்.

"தங்கவேலாண்ட இந்த வாரம் அடிக்கடி வர வண்டி எதுனா கீதாக்கா?" என்று ஆரம்பித்தேன்.

"வெள்ள மாருதி ஒண்ணு மூணு தபா வந்துச்சு. அத்தப் பத்திப் பேசாத, என் வவுறு எரியுது."

"ஏன், இன்னா பண்ணிச்சு?"

"வந்து என் அடுப்பாண்ட நிக்கும். நின்னா ஆஃப் பண்ணணுமா வேணாமா? அது பாட்டுக்கு ஓடிக்கினே கீது. பொக பூரா எம்மேல. நான் ஒரு ஈடு பஜ்ஜி போட்டு எடுத்துடுவேன், அதுக்கு அப்பாலதான் ஆஃப் ஆவும். மூணு தபாவும் அதே கூத்துதான்."

சார் கையிலிருந்த பஜ்ஜி வாய்க்குப் போகாமல் நின்றது. "ஒரு ஈடுன்னா எவ்வளவு நேரம்?"

"ஒரு ஈடுன்னா ஒரு ஈடுதான் சார்."

"இப்போ ஒண்ணு போடுங்க."

தாயம்மா எட்டு வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெயில் விட்டார். சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரித்து எடுத்தபோது இரண்டு நிமிஷமும் சில விநாடிகளும் ஆகியிருந்தன. எட்டையும் நான்தான் தின்ன வேண்டியிருந்தது. துப்பறியும் தொழிலில் இப்படிப்பட்ட தியாகங்கள் வெளியே தெரிவதில்லை.

"யார் இறங்கினாங்க?" சார் கேட்டார்.

"யாரும் எறங்கல. கண்ணாடி பூரா கறுப்பா ஒட்டிக்கீது. தங்கவேலுதான் கொடைய எடுத்துக்கினு ஓடி, கண்ணாடியாண்ட நின்னு பேசுவான்."

"பேட்டரி வீக்கா இருக்கும் சார்," என்றேன். "ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவாதுன்னு பயந்துக்கினு இருப்பான்."

"பேட்டரிக்குப் பயந்தவன் ரெண்டு நிமிஷம் கழிச்சும் ஆஃப் பண்ண மாட்டான். போறப்போ எப்படிம்மா ஸ்டார்ட் ஆச்சு?"

"ஒரே தட்டுதான் சார்."

சார் என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு புங்க மரத்தடியில் நிறுத்தினார். "டர்போ இஞ்சின்ல ஒரு சின்னச் சக்கரம் இருக்கு அம்மாசி. பயங்கர வேகத்துல சுத்தும், கொதிக்கிற சூடு. இஞ்சின் ஓடற வரைக்கும்தான் அதுக்கு எண்ணெய் போகும். ஓடி வந்த வேகத்துல டக்குனு அணைச்சா, எண்ணெய் நின்னு அச்சு கருகிடும். விஷயம் தெரிஞ்சவங்க வண்டியை நிறுத்தி, ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விட்டு அப்புறம்தான் அணைப்பாங்க. அந்த ஆக்டிங் டிரைவருக்கு அது தெரியல."

"மாருதிக்கு டர்போ ஏது சார்?"

"கிடையாது. ஆனா பழகின கைக்கு அது தெரியாதே."

மூலையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். சார் எண்ணைச் சுழற்றினார். நானும் ரிஸீவரில் காதை ஒட்டிக்கொண்டேன்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் வண்டியை வாசல்ல நிறுத்தினா உடனே அணைப்பாரா?"

"இல்லையே. ரெண்டு நிமிஷம் ஆகணும்பார். நானும் பக்கத்துல உக்காண்டிருப்பேன். நாள் பூரா பேசாத மனுஷர், அந்த ரெண்டு நிமிஷத்துலதான் ஏதாவது பேசுவார்."

"அந்தப் பழக்கம் வேற யாருக்கு இருக்கு?"

"நிரஞ்சனுக்கு. இவர்தான் கத்துக் குடுத்தார். அந்த ஒரு நாள் டிரைவரைத் தவிர வேற யாரும் அந்த வண்டியை ஓட்டினதில்லை."

சார் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவர் சந்தோஷத்தில் திக்குமுக்காடி நிற்கிறார் என்று மடையன் நான் நினைத்தேன். ரிஸீவரை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அம்மா, உங்க புள்ளதாம்மா. சந்தேகமே வாணாம். நாலு மணிக்கு வந்துடுவாரு."

அப்புறம், "அவனுக்கு ரவா கேசரி பிடிக்கும்," என்று ஒரு குரல் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

வழக்கமாக இந்த மாதிரி வேலைக்குச் சார் என்னை நாலு திட்டுத் திட்டுவார். அன்றைக்கு, "உன்னை யாரு சொல்லச் சொன்னது அம்மாசி?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

*

மூன்றரைக்குத் திரும்பி வந்தபோது வாசல்வரை நெய் வாசனை அடித்தது. அம்மாள் அரக்குப் புடவைக்கு மாறியிருந்தார். கூடத்தில் நாலு நாற்காலிகளும் துடைக்கப்பட்டு வட்டமாகப் போடப்பட்டிருந்தன. பேப்பர் கட்டுகளைக் காணவில்லை.

"அம்மா, அவர்கள் வருவதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும்," என்றார் சார்.

"எல்லாம் அப்புறம் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு, அவர் வாசல் விளக்கைப் போட்டார். பட்டப்பகலில்.

சார் இன்னொரு தடவை வாயைத் திறந்தார். அதற்குள் தெருமுனையில் வெள்ளை மாருதி திரும்பியது. பின்னாலேயே தங்கவேல் மொபெட்டில் நனைந்துகொண்டு வந்தான். மாருதி வீட்டு வாசலில் நின்றது. இஞ்சின் அணையவில்லை. கறுப்புக் கண்ணாடியில் மழை வழிந்தது.

அம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவனேதான்," என்றார்.

சார் என்னை ஓரமாக இழுத்து, சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அது சர்வீஸ் பில் இல்லை, தந்தி. தொண்ணூற்றாறு ஜனவரி, புனேயிலிருந்து, அம்மாளின் கணவர் சுந்தரராமன் பெயருக்கு. என்னுடைய எட்டாம் வகுப்பு இங்கிலீஷுக்கும் அது புரிந்தது. நிரஞ்சன் இறந்துவிட்டார், உடனே வரவும், மெஹக்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"காலைலயே தெரியுமா சார்?"

"தெரியும். பெரியவர் இதை வாங்கி, பெண்டாட்டிகிட்ட சொல்லாம வண்டிக்குள்ள வச்சிருக்கார். நான் போய் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாள் பூரா சுத்தினேன். சொல்ல வேண்டியவங்க வராங்களான்னு பார்த்தேன்."

"அப்போ கார்ல இருக்கறது யாரு?"

"தங்கவேல் நமக்கு ஒரு நாற்காலி காட்டினானா?"

"இல்ல."

"மழையில குடை எடுத்துக்கிட்டு எந்த ஆம்பளைகிட்டயாவது ஓடுவானா?"

இஞ்சின் நின்றது. கதவு திறந்து ஒரு பெண் இறங்கினாள். முப்பது, முப்பத்திரண்டு வயது. துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மாள் அவளைப் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு மழையில் இறங்கிப் போய், காரைச் சுற்றி வந்து, இடது பக்கக் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். பின் சீட்டையும் பார்த்தார். அங்கே ஒரு அட்டைப்பெட்டி மட்டும் இருந்தது.

"அவன் வரலையா?" என்று கேட்டார்.

"நான் மெஹக் ஆண்ட்டி."

"தெரியறது. அவன் எங்கே?"

அந்தப் பெண்ணுக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. "தந்தி அடிச்சேனே ஆண்ட்டி. அப்பா பேருக்கு. மஞ்சக்காமாலைன்னு ஆஸ்பத்திரில சேர்த்தேன், நாலே நாள். மூணு நாள் வெச்சிருந்து பார்த்தேன். யாரும் வரலை. இதுக்குக்கூட வர மாட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

சார் என் கையிலிருந்த தந்தியை வாங்கி, குனிந்த தலையோடு நீட்டினார். அம்மாள் அதைப் பிரிக்கவே இல்லை. மழையில் மை கரைந்து விரலில் ஒட்டியது.

"அதுக்காகத்தான் தினம் சாயங்காலம் போய் உக்காண்டிருந்தாரா," என்றார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேருமா உக்காண்டு அழுதிருக்கலாமே."

கேட்டில் சாய்ந்து நின்று அழுதார். மெஹக் கிட்டே போகத் தயங்கி, இரண்டடி தள்ளி நின்று அழுதாள். நடுவில் மழை பெய்துகொண்டிருந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் பொறுத்து மெஹக் சொன்னாள். "அவர் எப்பவாவது இனாயத் பாய்க்கு போன் பண்ணி, அப்பா எப்படி இருக்கார், வண்டி எப்படி ஓடுதுன்னு கேட்பார். டர்போ போச்சுன்னு தெரிஞ்சதும் சிங்கப்பூர்ல சொல்லி ஒண்ணு வரவழைச்சார். நேர்ல போய் அப்பா கையில குடுக்கணும்னு ஆசை. அது வந்து சேர்றப்போ அவர் இல்லை. அந்தப் பெட்டிதான் அது. இப்போ அடையார்ல எங்கம்மா வீட்டுலதான் இருக்கேன். விளம்பரத்துல உங்க விலாசத்தைப் பார்த்தேன். என் பேரைச் சொன்னா குடுக்க மாட்டீங்கன்னுதான்..."

"உனக்குக் கார் ஓட்ட யார் கத்துக் குடுத்தா?"

"அவர்தான். கல்யாணத்துக்கு முன்னாடி, இந்த வண்டியிலதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்பா தூங்கறப்போ எடுத்துட்டு வருவார். திருவான்மியூர் பீச் ரோட்டுல ஓட்டுவோம். ரெண்டு நிமிஷம் ஆகாம ஆஃப் பண்ணா திட்டுவார்."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை பாத்தா மிதியடியில கடற்கரை மணல் இருக்கும். இவர் பாக்கறதுக்குள்ள நான் உதறிடுவேன். யாரை அழைச்சுண்டு போறேன்னு அவனைக் கேட்டதே இல்லை. கேட்டிருக்கணும்."

தங்கவேலுக்கு அடுத்த ஜோலி இருந்தது போலிருக்கிறது. பிளாஸ்டிக் உறையிலிருந்து படிவங்களை எடுத்து, "அம்மா, கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா," என்று இழுத்தான்.

அம்மாள் உள்ளே போய்க் கண்ணாடியும் பேனாவும் எடுத்து வந்தார். கூடத்து நாற்காலி ஒன்றில் மெஹக்கை உட்கார வைத்து, பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். முப்பதாம் எண் படிவத்தை மடியில் விரித்தார்.

"பேர் எழுத வேணாம்மா, அப்படியே வுட்டுடுங்க," என்றான் தங்கவேல்.

"நீ சும்மா இருப்பா." மெஹக் பக்கம் திரும்பினார். "உன் பேரை எப்படி எழுதறது? முழுசாச் சொல்லு."

அவள் சொன்னது முதலில் காதில் விழவில்லை. இரண்டாம் தடவைதான் கேட்டது. "மெஹக் நிரஞ்சன்."

வாங்குபவர் பெயர் என்ற இடத்தில் அம்மாள் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார். விலை பற்றி யாரும் பேசவில்லை. தங்கவேல் பேச வாயெடுத்தான், சார் அவன் காலை மிதித்தார்.

"கேசரி ஆறிப் போயிருக்கும். சூடு பண்ணிண்டு வரேன்," என்று அம்மாள் எழுந்தார். மெஹக்கும் எழுந்து அவர் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம்.

சாரின் ஸ்கூட்டரில் ஆழ்வார்பேட்டை வந்து சேர ஆறு மணி. தையல் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டிருந்தார்கள். மாடியில் எங்கள் ஆபீஸ் ஜன்னல் இருட்டாக இருந்தது. நான் இறங்கினேன். சார் இறங்கவில்லை. ஸ்கூட்டரை அணைக்கவும் இல்லை. ஹேண்டில்பாரில் கை வைத்தபடி, மேலே அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டருக்கு டர்போ கிடையாது சார் என்று நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்கு நான் பேசினதே போதும். அவர் அணைக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றேன்.